லெசோத்தோ: அந்நிய முதலீடும் ஏற்றுமதி வாய்ப்பும்

நாற்புறமும் ஒரே அயல்நாட்டால் சூழப்பட்ட நாடுகள் உலகில் மூன்றே உள்ளன. வாத்திகன், சான் மரீனோ ஆகிய இரண்டும் இத்தாலிக்குள் அடங்கியவை. மூன்றாவது, தென்னாப்பிரிக்காவின் நடுவே தீவு போல் அமைந்திருக்கும் லெசோத்தோ. இதன் பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் பரப்பில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். மக்கள்தொகை இருபது லட்சத்துக்குச் சிறிது மேல். நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. முழு நிலப்பரப்பும் ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த சுதந்திர நாடு உலகில் இது ஒன்றே எனலாம்.

இத்தகைய நாட்டுக்கு அந்நிய முதலீடு எவ்வாறு வந்தது, அதைக் கொண்டு அந்நாடு எவற்றை ஏற்றுமதி செய்ய முடிந்தது, அந்த ஏற்றுமதி எந்த அளவுக்கு அதன் சொந்தப் பலத்தில் நிற்கிறது என்பன வளர்முக நாடுகளின் பொருளாதாரத்தைப் பயிலும் மாணவர்களும் தொழில் மேம்பாட்டுத் துறையில் பணியாற்றும் அதிகாரிகளும் கருத்தூன்றி நோக்க வேண்டிய கேள்விகளாகும். நாடு சிறியதாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. பெரிய பொருளாதாரங்களில் பல காரணங்களுக்கிடையே மறைந்துவிடும் உறவுகள் இங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

ஆட்களே ஏற்றுமதிப் பொருளாக இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோஷ்வேஷ்வே என்னும் தலைவர் சிதறிக் கிடந்த இனக்குழுக்களை ஒன்றுதிரட்டி பசோத்தோ அரசை நிறுவினார். போயர் குடியேறிகளுடன் நடந்த போர்களில், கலேடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த வளமான விளைநிலங்கள் பறிபோயின. எஞ்சிய மலைநாடு 1868-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்து பசூட்டோலாந்து எனப் பெயர் பெற்றது. 1966 அக்டோபர் 4 அன்று அது லெசோத்தோ என்ற பெயரில் சுதந்திரமடைந்தது. விளைநிலம் சுருங்கிய நாட்டில் ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். 1980-களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட லெசோத்தோ ஆண்கள் அச்சுரங்கங்களில் உழைத்தனர். அவர்கள் அனுப்பிய பணமே ஊர்ப்புறக் குடும்பங்களுக்கு முதன்மையான வருவாய். 1990-களில் தங்கத்தின் விலை சரிந்து சுரங்கங்கள் ஆட்குறைப்பில் இறங்கியபோது இவ்வருவாய் விரைந்து வற்றியது.

இப்பின்னணியை அறியாது வகுக்கப்பட்ட திட்டங்கள் எவ்வாறு தடுமாறின என்பதற்கு 1975-ல் தொடங்கிய தாபா-ட்செகா மலைப்பகுதி வளர்ச்சித் திட்டம் நல்ல சான்று. உலக வங்கியும் கனடாவும் உதவிய அத்திட்டம், நாட்டை வெளியுலகத் தொடர்பற்ற உழவர் சமுதாயமாகக் கருதி, கால்நடைகளை விற்பனைச் சரக்காக்க முயன்றது. ஊராரோ கால்நடைகளைச் சுரங்கத்திலிருந்து திரும்பும் தொழிலாளியின் முதுமைக்கால வைப்பு நிதியாகக் கருதினர். எளிதில் விற்க இசையவில்லை. மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990-ல் வெளியிட்ட ஆய்வு நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. திட்ட அறிக்கை எழுதுவோர் அனைவரும் படிக்கத்தக்க நூல் அது.

முதலீட்டாளரை ஈர்த்த அம்சங்கள்

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, 1967-ல், லெசோத்தோ தேசிய வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. இதன் முக்கிய உத்தி, தொழிற்கூடக் கட்டடங்களைத் தானே கட்டி, தண்ணீர், மின் இணைப்புகளுடன் வாடகைக்கு விடுவது. வெளிநாட்டு நிறுவனம் நிலம் வாங்கவோ கட்டடம் எழுப்பவோ தேவையில்லை. இயந்திரங்களைக் கொண்டு வந்து இறக்கினால் போதும். தலைநகர் மசேருவின் தெட்சானே பகுதியிலும், வட எல்லையிலுள்ள மபுட்சோவிலும் இத்தகைய தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. முதலீட்டின் தொடக்கச் செலவைக் குறைக்கும் இந்த ஏற்பாடு பயன் தந்தது உண்மை. ஆனால் எளிதாக நுழைய உதவும் அதே ஏற்பாடு எளிதாக வெளியேறவும் உதவும். வாடகைக் கட்டடத்திலிருந்து தையல் இயந்திரங்களைப் பெட்டிகளில் அடைத்து எடுத்துச் செல்ல ஒரு வாரம் போதும். சலுகைகளை வகுப்போர் இதன் இரு பக்கங்களையும் எடைபோட்டார்களா என்பது ஐயமே.

1910-ல் உருவான தென்னாப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில் லெசோத்தோ உறுப்பு நாடு. உலகில் இன்றளவும் இயங்கிவரும் சுங்க ஒன்றியங்களில் இதுவே மிகப் பழமையானது. ஒன்றியத்துக்குள் வரும் சரக்குகள் மீதான தீர்வைகள் பொது நிதியில் சேர்ந்து, வகுக்கப்பட்ட முறைப்படி உறுப்பு நாடுகளுக்குப் பங்கிடப்படுகின்றன. சில ஆண்டுகளில் லெசோத்தோ அரசின் வருவாயில் பாதியளவு இப்பங்கிலிருந்தே வந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார மந்தத்துக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் இறக்குமதி குறைந்தபோது, மசேருவின் வரவு செலவுத் திட்டம் ஆட்டம் கண்டது. நாணயத்தின் நிலையும் இத்தகையதே. 1980-ல் அறிமுகமான லோட்டி என்னும் நாணயம் தென்னாப்பிரிக்க ரேண்டுடன் சம மதிப்பில் பிணைக்கப்பட்டுள்ளது. முதலீட்டாளருக்கு இதனால் அண்டை நாட்டு வர்த்தகத்தில் செலாவணி இடர் இல்லை. எனினும் ஏற்றுமதி தளரும்போது நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கும் கருவி லெசோத்தோவின் கையில் இல்லை. ரேண்டு உயர்ந்தால் லெசோத்தோவின் ஆடைகளும் டாலரில் விலை உயரும்.

ஆயத்த ஆடைத் தொழில்

தைவான் நிறுவனங்கள் 1980-களில் லெசோத்தோவுக்கு வரத் தொடங்கின. ஆடை வர்த்தகத்தை நாடுவாரியாகக் கட்டுப்படுத்திய பன்னாட்டு நூலிழை ஒப்பந்தத்தின் கீழ், தைவானுக்குரிய ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. லெசோத்தோவுக்குரியதோ பயன்படுத்தப்படாமல் கிடந்தது. நிறவெறி அரசுக்கு எதிரான பொருளாதாரத் தடைகளால் தென்னாப்பிரிக்காவிலிருந்து சரக்கு அனுப்ப இயலாத சில நிறுவனங்களும் எல்லை தாண்டி வந்தன. ஆக, முதலீட்டை அழைத்து வந்தது லெசோத்தோவின் மூலப்பொருளோ தொழில்நுட்பத் திறனோ அன்று. வேறிடங்களில் விதிக்கப்பட்ட தடைகளே.

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா ஆப்பிரிக்க வளர்ச்சி வாய்ப்புச் சட்டத்தை இயற்றியது. தகுதி பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் சரக்குகள் அமெரிக்காவுக்குள் சுங்கத் தீர்வையின்றி நுழைய இச்சட்டம் வழி செய்தது. இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பருத்திக் கால்சட்டைக்கு அமெரிக்காவின் வழக்கமான தீர்வை 16.6 சதவீதம், செயற்கை இழைப் பின்னலாடைகள் சிலவற்றுக்கு 32 சதவீதம். பத்து டாலர் மதிப்புள்ள கால்சட்டைக்கு 1.66 டாலர் தீர்வை மிச்சம். கால்சட்டை ஒன்றைத் தைப்பதற்கான கூலி பல வேளைகளில் இத்தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். அதாவது, ஆசிய நாடுகளைவிடச் சற்று அதிகக் கூலியும், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டர்பன் துறைமுகம் வரை லாரிச் செலவும் கொடுத்த பிறகும், இந்தத் தீர்வைச் சலுகை லெசோத்தோவைப் போட்டிக்குரியதாக்கியது.

சட்டத்தின் மற்றொரு விதியும் இங்குக் கவனிக்கத்தக்கது. பொதுவாக இத்தகைய சலுகைக்கு, நூலும் துணியும் அமெரிக்காவிலோ சலுகை பெறும் ஆப்பிரிக்க நாடுகளிலோ உற்பத்தியாகியிருக்க வேண்டும். மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கு மட்டும், எந்த நாட்டுத் துணியையும் வாங்கித் தைத்து அனுப்பலாம் என விலக்கு அளிக்கப்பட்டது. தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் துணி கப்பலில் டர்பன் வந்து, லாரியில் மலையேறி, மசேருவில் ஆடையாகி, அதே வழியில் திரும்பிச் சென்றது. இவ்விலக்கு தற்காலிகமானது, அதன் கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட வேண்டியிருந்தது. 2012-ல் நீட்டிப்பு கடைசி நேரம் வரை இழுபறியாக இருந்தபோது, அமெரிக்கக் கொள்முதலாளர்கள் ஆணைகளைக் குறைத்துக்கொண்டனர். ஆடை வர்த்தகத்தில் ஆணை கொடுப்பதற்கும் சரக்கு சேர்வதற்கும் இடையே பல மாதங்கள் ஆகும் என்பதால், சட்டம் காலாவதியாகும் நாளுக்கு வெகுமுன்பே அதன் பாதிப்பு தொடங்கிவிடுகிறது.

2004-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவுக்கான ஆடை ஏற்றுமதி ஏறத்தாழ 45 கோடி டாலரை எட்டியது. தொழிற்சாலைகளில் சுமார் ஐம்பதாயிரம் பேர் பணியாற்றினர், பெரும்பாலோர் பெண்கள். அரசு ஊழியர்களைவிட ஆடைத் தொழிலாளர் எண்ணிக்கை மிகுந்தது. சுரங்க வேலை இழந்து கணவன் திரும்பிய வீட்டில், மனைவியின் தையற்கூலி உலை கொதிக்க வைத்தது என்று கூறினால் மிகையாகாது. 2005 ஜனவரி முதல் நாள் பன்னாட்டு ஒதுக்கீட்டு முறை முடிவுற்றது. அதற்கு முந்தைய ஆண்டிறுதி விடுமுறையில் சில தொழிற்சாலைகளின் உரிமையாளர்கள் முன்னறிவிப்பின்றி வெளியேறினர். விடுமுறை முடிந்து திரும்பிய தொழிலாளர்கள் பூட்டிய கதவுகளையே கண்டனர்.

இருப்பினும் தொழில் அழிந்துவிடவில்லை. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். தைவானின் நியென் சிங் குழுமம் 2004-ல் மசேருவில் டெனிம் துணி ஆலையொன்றை நிறுவியிருந்தது. நூற்பு, நெசவு, சாயம் ஆகியவற்றில் போடப்பட்ட மூலதனம் தையல் இயந்திரத்தைப் போல் எளிதில் இடம்பெயர்வதன்று. ஜீன்ஸ் உற்பத்தி நிலைபெற இதுவே அடிப்படை. இரண்டாவதாக, உயர்கூலி காரணமாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த நிறுவனங்கள், அந்நாட்டுச் சந்தைக்கே பணியாளர் உடைகளையும் பள்ளிச் சீருடைகளையும் மேற்சட்டைகளையும் தைத்து அனுப்பலாயின. சிறு ஆணைகள், விரைவான விநியோகம், சுங்கமற்ற எல்லை ஆகியவை இதற்குத் துணை. மூன்றாவது, தொழிலாளர் நலம். வயது வந்தோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்த நாட்டில், தொழிற்சாலைகளுக்குள்ளேயே பரிசோதனையும் சிகிச்சையும் அளிக்கும் கூட்டமைப்பு 2006-ல் தொடங்கப்பட்டது. நியாயமான நிலைமைகளில் தயாரானது என்ற நற்பெயர் கொள்முதலாளர்களைத் தக்கவைக்க உதவியது. அப்பெயரும் கறைபடாமல் இல்லை. பெண் தொழிலாளர்கள் மேற்பார்வையாளர்களின் பாலியல் தொல்லைக்கு ஆளானது விசாரணையில் வெளிப்பட்டபின், 2019-ல் அமெரிக்கக் கொள்முதல் நிறுவனங்கள் மூன்றும் ஆலை நிர்வாகமும் லெசோத்தோவின் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும், சுதந்திரமான புகார் விசாரணை முறைக்கு வழிசெய்யும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டன.

2025-ஆம் ஆண்டின் அதிர்ச்சி

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா அறிவித்த பதிலடித் தீர்வைப் பட்டியலில், லெசோத்தோவுக்கு 50 சதவீதம் விதிக்கப்பட்டது. பட்டியலிலுள்ள நாடுகளிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று இது. இந்த எண் எவ்வாறு வந்தது என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2024-ல் அமெரிக்கா லெசோத்தோவிலிருந்து வாங்கிய சரக்குகளின் மதிப்பு ஏறத்தாழ 23.73 கோடி டாலர். அமெரிக்கா லெசோத்தோவுக்கு விற்றது 28 லட்சம் டாலர் மட்டுமே. பற்றாக்குறையாகிய 23.45 கோடியை, வாங்கிய மதிப்பாகிய 23.73 கோடியால் வகுத்தால் சுமார் 99 சதவீதம். அதில் பாதி 50. லெசோத்தோ உண்மையில் விதிக்கும் சுங்கம் எவ்வளவு என்பது இக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை. ஏழை நாட்டு மக்கள் அமெரிக்கப் பொருட்களை வாங்கப் பணமற்றவர்கள் என்பதே கணக்கின் சாரம். மேலும், தென்னாப்பிரிக்க மொத்த வணிகர் வழியாக வரும் அமெரிக்கச் சரக்குகள் லெசோத்தோவின் பெயரில் பதிவாக வாய்ப்பில்லை. பிற நாடுகளின் மீது விதிக்கப்படும் சுங்கத்தையும் அது தனித்து முடிவு செய்வதில்லை. சுங்க ஒன்றியமே முடிவு செய்கிறது.

ஒரு வாரத்தில் அத்தீர்வை நிறுத்திவைக்கப்பட்டு, 10 சதவீத அடிப்படைத் தீர்வை மட்டும் வசூலிக்கப்பட்டது. ஆகஸ்டில் 15 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் கொள்முதலாளர்கள் ஆணைகளை நிறுத்தினர். சில தொழிற்சாலைகள் ஆட்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பின. 2025 ஜூலையில் லெசோத்தோ அரசு, வேலையின்மையைக் காரணம் காட்டித் தேசியப் பேரிடர் நிலையைப் பிரகடனம் செய்தது. ஆப்பிரிக்க வளர்ச்சி வாய்ப்புச் சட்டத்தின் பத்தாண்டுக் கெடுவும் அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று முடிந்தது. புதுப்பிப்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் விருப்பம். அதன் விவாதங்களில் மசேருவுக்கு வாக்கு இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதத் தீர்வை நடைமுறைக்கு வந்தபோது திருப்பூரும் இதே இன்னலைச் சந்தித்தது. ஆனால் திருப்பூருக்கு நூலும் பின்னலும் சாயமும் அருகிலேயே உண்டு. பின்னே பரந்த உள்நாட்டுச் சந்தையும் உண்டு. முதலாளிகள் உள்ளூர்க்காரர்கள், அவர்கள் வேறு கொள்முதலாளரைத் தேடுவார்களேயன்றி ஊரைவிட்டுப் போகமாட்டார்கள். மசேருவில் வடிவமைப்பும் ஆணை பெறுதலும் துணி கொள்முதலும் வெளிநாட்டுத் தலைமையகங்களில் நடந்தன. தையல் மட்டுமே உள்ளூரில். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் பெரிய ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு உள்நாட்டவர் உரிமையாளர்களாக உயர்ந்தது மிகக் குறைவே. என் கருத்தில், தீர்வை உயர்வைவிட இதுவே ஆழ்ந்த குறைபாடு.

நீரும் வைரமும்

இடம்பெயர முடியாத வளங்களை நாடி வந்த முதலீட்டின் கதை வேறு. 1986 அக்டோபர் 24 அன்று தென்னாப்பிரிக்காவுடன் கையெழுத்தான உயர்நிலத் தண்ணீர்த் திட்ட உடன்படிக்கை, மலைநாட்டு ஆறுகளின் நீரைச் சுரங்கக் கால்வாய்கள் வழியாக ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்குத் திருப்புகிறது. 185 மீட்டர் உயரமுள்ள கட்ஸே அணையிலிருந்து 1998-ல் நீர் சென்றது. முதற் கட்டத்தில் அனுப்பப்படும் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 78 கோடி கன மீட்டர். உரிமைத்தொகை நிர்ணயித்த முறை கற்றுக்கொள்ளத்தக்கது. இத்திட்டமின்றித் தென்னாப்பிரிக்கா தன் எல்லைக்குள்ளேயே நீரை இறைத்துக் கொண்டுசெல்ல எவ்வளவு செலவிட நேரும் எனக் கணக்கிட்டு, அதனோடு ஒப்பிட்டு மிச்சமாகும் தொகையில் 56 சதவீதம் லெசோத்தோவுக்கு என முடிவாயிற்று. நீரை அனுப்பும் பணிகளுக்கான செலவு முழுவதும் தென்னாப்பிரிக்காவுடையது. ஆடைத் தொழிலில் பேரம் பேச வலுவற்ற நாடு, இங்கே தன்னிடமுள்ள பொருளின் மாற்று விலையை அறிந்து பேரம் பேச முடிந்தது. குறைகளும் உண்டு: மேய்ச்சல் நிலமும் வயலும் மூழ்கியவர்களுக்கான இழப்பீடு பல்லாண்டு வழக்காக நீண்டது. திட்ட ஆணையத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி வெளிநாட்டுக் கட்டுமான நிறுவனங்களிடம் கையூட்டுப் பெற்றதாக 2002-ல் தண்டிக்கப்பட்டார். கொடுத்த பன்னாட்டு நிறுவனங்களையும் அந்நாட்டு நீதிமன்றங்கள் விட்டுவைக்கவில்லை. செல்வநாடுகளே தயங்கும் வழக்கைச் சிறிய நாடு நடத்திக் காட்டியது பாராட்டத்தக்கது. இரண்டாம் கட்டத்தின் பொலிஹாலி அணைக்கான பணிகள் 2023 மே மாதத்தில் முறைப்படி தொடங்கின.

3,100 மீட்டர் உயரத்திலுள்ள லெட்செங் வைரச் சுரங்கத்தில் நூறு டன் பாறையை உடைத்தால் இரண்டு காரட் கூடத் தேறாது. ஆயினும் கிடைக்கும் கற்கள் மிகப் பெரியவை. 2018-ல் கிடைத்த 910 காரட் கல் நாலு கோடி டாலருக்கு விலைபோயிற்று. சுரங்கத்தில் அரசின் பங்கு 30 சதவீதம். எஞ்சியது லண்டன் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனத்துடையது. வருவாய் உண்டு, வேலைவாய்ப்பு சிறிதே.

கம்பளி காட்டும் பாடம்

வெள்ளாட்டு மயிராகிய மொஹேர் உற்பத்தியில் தென்னாப்பிரிக்காவை அடுத்து முன்னிற்பது லெசோத்தோவே. செம்மறிக் கம்பளியும் மொஹேரும் ஆயிரக்கணக்கான மலைக் குடும்பங்களின் சொந்தச் சரக்கு. நீண்ட காலமாக இவை தென்னாப்பிரிக்கத் துறைமுக நகரில் ஏலம் விடப்பட்டு வந்தன. தரகும் மதிப்புக்கூட்டலும் வெளியே போகின்றனவே என்ற நியாயமான எண்ணத்தில், 2018-ல் அரசு, கம்பளி முழுவதும் உள்நாட்டு மையம் வழியாகவே விற்கப்பட வேண்டுமென விதித்தது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவரின் கூட்டுறவில் அமைந்த அந்த மையம் ஒன்றே உரிமம் பெற்றது. பணம் பட்டுவாடாவாக மாதங்கள் பலவாயின. பள்ளிக் கட்டணம் செலுத்த வழியின்றித் தவித்த ஆட்டு உரிமையாளர்கள் 2019 ஜூனில் மசேரு வீதிகளில் ஊர்வலம் வந்தனர். அதன் பின்னரே விதி தளர்த்தப்பட்டது. உள்நாட்டில் மதிப்புக் கூட்டுவது வேறு. ஒரே வாங்குநருக்கு ஏகபோகம் அளிப்பது வேறு. கம்பளியைத் தரம்பிரித்தல், கழுவுதல், நூற்றல் ஆகியவற்றுக்கு முதலீடு வந்து, விலைக்கும் தரத்துக்கும் ஏலப் போட்டியும் நிலைத்திருந்தால் பயன் வேறாக இருந்திருக்கும்.

புதிய சந்தைகள்

2016 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள பொருளாதாரப் பங்காளி ஒப்பந்தத்தின்படி, லெசோத்தோவின் ஆடைகள் ஐரோப்பிய ஒன்றியத்தினுள் தீர்வையின்றி நுழையலாம். எந்த நாட்டுத் துணியானாலும் தைத்தது லெசோத்தோவாக இருந்தால் போதும். ஆயினும் அமெரிக்கச் சந்தையின் அளவை ஐரோப்பியச் சந்தை ஈடுசெய்யவில்லை. அமெரிக்காவின் கொள்முதல், ஒரே வடிவத்தில் லட்சக்கணக்கான உருப்படிகள். ஐரோப்பியர் கேட்பது அடிக்கடி மாறும் சிறு ஆணைகள். ஆலைகளின் அமைப்பே முன்னதற்கு ஏற்றது. ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதியில் 2021 ஜனவரி முதல் வர்த்தகம் தொடங்கியிருக்கிறது. மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகளுக்கு 2008-ல் இந்தியா அறிவித்த தீர்வைச் சலுகைத் திட்டமும் லெசோத்தோவுக்குத் திறந்தே உள்ளது. ஆடை உற்பத்தி மிகுந்த இந்தியா அவர்களிடம் ஆடை வாங்கப் போவதில்லை. மொஹேருக்கும் கம்பளிக்கும் நம் கம்பள, சால்வைத் தொழில்களில் இடம் இருக்கலாம்.

உடனடி வாய்ப்பு தென்னாப்பிரிக்காவே. அறுபது லட்சமல்ல, ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அச்சந்தைக்கு எல்லைத் தீர்வை கிடையாது. காலையில் மபுட்சோவில் ஏற்றிய சரக்கு அன்று மாலைக்குள் ஜோகன்னஸ்பர்க் கிடங்கை அடையலாம். தீர்வை அதிர்ச்சிக்குப் பின் அமெரிக்க ஆணைகளை இழந்த ஆலைகள் சில, இச்சந்தைக்கேற்பத் தையல் வரிசைகளை மாற்றியமைக்க முயன்றன. ஜீன்ஸ் மட்டுமே தைத்துப் பழகியவர்களுக்குச் சட்டையும் மேலங்கியும் தைக்கப் பயிற்சி அளிக்க வேண்டும், இயந்திரங்களும் வேறு. அந்த இடைக்காலத்துக்கான கூலியை யார் தருவது என்பதே மசேருவில் தொழிற்சங்கங்களுக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் அரசுக்கும் இடையே எழுந்த வழக்கு.